வலையக்கா

கொசுவலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முழங்காலால் தவழ்ந்து உள்ளே போய், மெத்தையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. வெளியே மூன்று வயதுப் பையன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். வலைக்குள் இருக்கும் நர்ஸ் அவனைக் கூப்பிடவில்லை, பார்க்கவும் இல்லை. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிக்கொண்டே வந்து, கடைசி மூலையையும் செருகிவிட்டு, "அப்பாடா, இனிமே என்னை யாரும் தொட முடியாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார்.

பையன் மெல்ல வந்து வலையை ஒரு விரலால் குத்திப் பார்க்கிறான்.

"யாரது? கொசுவா?"

"இல்ல."

"கொசு அப்பிடித்தான் சொல்லும்."

"நான் கொசு இல்ல!"

"அப்பிடின்னா சீக்கிரம் உள்ள வா. வந்துட்டு ஓரத்தைச் செருகு. இடைவெளி விட்டா அவ நுழைஞ்சிடுவா."

பையன் நுழைகிறான், ஓரத்தைச் செருகுகிறான். இடைவெளி இருக்கிறதா என்று இரண்டு பேரும் நாலு மூலையும் தடவிப் பார்க்கிறார்கள். வெளியே நிற்கும் அப்பாவுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருக்கும் பாடம் முடிந்துவிட்டது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அந்த இடம். வாசல் பலகையில் 'வெளிநாட்டுப் பயணிகளுக்கான மருத்துவ ஆலோசனை' என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு டாக்டரம்மா, ஒரு வரவேற்பு மேசை, பின்னறையில் இந்த நர்ஸ். ஐம்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு. வலைக்குள் போவது சுலபம், வெளியே வருவதற்குள் மூட்டு இரண்டும் சத்தம் போடும். இருபத்திரண்டு வருடமாக இதே அறை. மலேரியா உள்ள நாடுகளுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் எல்லாரும் இவர் கையில் ஒருமுறை சிக்கித்தான் விமானம் ஏற வேண்டும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் அவர் வலையக்கா. டாக்டரம்மாவே சீட்டில் 'வலையக்காவைப் பார்க்கவும்' என்றுதான் எழுதி அனுப்புகிறார்.

கொசுவை அவர் 'அது' என்று சொல்லிக் கேட்டவர் இல்லை. கடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்பதால் எப்போதும் 'அவ'தான். "பொழுது சாயுற வரைக்கும் அவ வெளிய தலை காட்ட மாட்டா. சாய்ஞ்சதும் கிளம்பிடுவா. அப்புறம் விடியிற வரைக்கும் அவளுக்கு இதேதான் வேலை. சத்தமே இல்லாம வருவா." வெளியே காத்திருந்த ஒரு பெண்மணி, கதவு வழியாக இதைக் கேட்டுவிட்டு, "யாருங்க அது, உங்க பக்கத்து வீட்டுக்காரியா?" என்று அக்கறையாக விசாரித்ததை டாக்டரம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

குழந்தையின் எடையைப் பற்றிப் பெற்றோர் சொல்லும் எதையும் வலையக்கா நம்புவதில்லை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. "பன்னெண்டு கிலோ இருக்கும்" என்று யாராவது சொன்னால், "இருக்கும்னு ஒரு எடை என் மெஷின்ல வராதுங்க" என்பார். காலணி கழற்ற வேண்டும், கையில் உள்ள பொம்மை லாரியைக் கீழே வைக்க வேண்டும். ஏற மறுக்கும் குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக்கொள்ளலாம். அம்மா தனியாக ஏறும்போது மட்டும் எண் தெரியும் கண்ணாடியை வலையக்கா தன் உள்ளங்கையால் மூடிக்கொள்வார். அவர் மட்டும் குனிந்து பார்த்து எழுதிக்கொள்வார். புருஷன் எட்டிப் பார்த்தால் முழங்கை இடிக்கும்.

கொசு விரட்டும் களிம்பை முதலில் தன் உள்ளங்கையில் தேய்த்து, அதைக் குழந்தையின் கன்னத்திலும் கழுத்திலும் தடவிக் காட்டுவார். கண் பக்கம் கூடாது, வாய் பக்கம் கூடாது. "கைக்கு வேண்டவே வேண்டாம். கை எங்க போகும்? நேரா வாய்க்குத்தான்." சொல்லி முடிப்பதற்குள் குழந்தை கட்டை விரலை வாயில் வைத்திருக்கும். "பாத்தீங்களா, நான் சொல்லிக் குடுக்கவே இல்ல."

இத்தனை தேசத்துக் கொசுவையும் நேரம் காலம் உட்பட ஒப்பிக்கும் இவர், எந்தத் தேசத்துக்கும் போனதில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. வீட்டுக்காரர் விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டுகிறார். "நான் வாசல் வரைக்கும் போறேன், அவ அதுகூட வந்ததில்ல" என்பார் அவர். சாயங்காலம் வீடு திரும்பியதும் வலையக்கா முதலில் கேட்பது, "இன்னைக்குக் குழந்தையோட யாராவது ஏறினாங்களா? வலை எடுத்துக்கிட்டாங்களான்னு கேட்டீங்களா?" என்றுதான்.

"நான் பெட்டி எத்தனைன்னு கேப்பேன். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கேக்க நான் என்ன போலீசா?"

"கேட்டா வாய் வலிக்குமா?"

இந்த உரையாடல் இருபது வருடமாக வார்த்தை மாறாமல் நடக்கிறது. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய சுவர் நாட்காட்டி. எந்தக் குழந்தை எந்தத் தேதியில் ஊர் திரும்புகிறது என்று அதில் குறித்து வைத்திருப்பார். பெயர் எழுதினால் முகம் ஞாபகம் வராதாம். அதனால் படம். சுருட்டை முடிக்கு நாலு சுழி, பல் விழுந்தவனுக்கு ஒரு ஓட்டை. திரும்பிய மறுநாள் தொலைபேசியில் கூப்பிடுவார். "வந்து சேந்தாச்சா? மருந்தை நிறுத்திடலையே? வந்த பிறகும் ஒரு வாரம் குடுக்கணும், ஞாபகம் இருக்கா?" பெரும்பாலும் இருக்காது. அதற்காகத்தான் கூப்பிடுகிறார்.

போன வருடம் அந்த நாட்காட்டியில் ஒரு ரொட்டியின் படம் இருந்தது.

ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரண்டரை வயது மகளோடும் வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் புருவத்தில் மாவு. மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். அறைக்குள் வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே காரணம் விளங்கிவிட்டது. எடை பார்க்கும் மெஷினைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தாள். அவர்கள் அப்பாவின் சொந்த நாட்டுக்கு, அவருடைய அண்ணன் வீட்டுக்கு, ஒரு மாதம் போகிறார்கள். அண்ணன் குடும்பம் இதுவரை குழந்தையைப் பார்த்ததில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நான் அங்கயே பொறந்து வளந்தவன். இந்தக் காய்ச்சல் எனக்கே எத்தனை தடவை வந்திருக்கு தெரியுமா? கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்தா நாலாம் நாள் எந்திரிச்சு விளையாடப் போயிடுவோம். அதுக்குப் போய் இவ்வளவு மருந்தா?"

இப்படிச் சொல்கிறவர்களை வலையக்காவுக்கு நன்றாகத் தெரியும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பயந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிப் போவார்கள். சொந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் பயம் வராது.

"தம்பி, உங்க உடம்புக்கு அப்ப பழக்கம் இருந்துச்சு. இங்க வந்து எத்தனை வருஷம்? பதினொண்ணா? உடம்பு அதையெல்லாம் மறந்திருக்கும். நீங்களும் மருந்து சாப்பிட்டுத்தான் ஆகணும். இவ இங்கயே பொறந்தவ. அவளைப் பொறுத்தவரைக்கும் இவ புத்தம் புது விருந்து."

"எங்க தெருப் பசங்க எல்லாருக்கும் வந்துச்சு சிஸ்டர்."

"எல்லாரும் எந்திரிச்சாங்களா?"

பேச்சு வாக்கில் வந்துவிட்ட கேள்வி. வாலு மெத்தையின் மேல் குதித்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்காரர் அவளைப் பார்த்தார்.

"எனக்கு அடுத்தவ ஒருத்தி இருந்தா. இவ வயசுதான் இருக்கும். எனக்கு அப்ப ஆறு." புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டார். "அவ எந்திரிக்கல."

மனைவி சீட்டை மடியில் வைத்தாள். "எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே."

"என்னத்தைச் சொல்றது? அப்ப எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒண்ணு அப்பிடி இருந்துச்சு."

அன்றோடு அந்தக் கேள்வியை வலையக்கா யாரிடமும் கேட்பதில்லை. ரொட்டிக்காரர் எழுந்து போய், மெஷினை நிமிர்த்தி வைத்து, மகளைப் பிடித்து உட்காரவைத்து, அவள் காலணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"எடை பாருங்க சிஸ்டர்."

அதன் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மருந்து எப்போது தொடங்க வேண்டும், எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும், குடித்ததும் வாந்தி எடுத்தால் யாரைக் கேட்க வேண்டும், மருந்தைக் குழந்தை கைக்கு எட்டாமல் எங்கே பூட்டி வைக்க வேண்டும் என்று கேள்வி மேல் கேள்வி. மருந்து கொடுப்பதில்தான் சிக்கல் வந்தது. மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கி, ஜாமில் குழைத்து, வலையக்கா ஊட்டிக் காட்டினார். வாலு வாங்கினாள், இரண்டு வினாடி யோசித்தாள், வலையக்காவின் வெள்ளைக் கோட்டில் குறி பார்த்துத் துப்பினாள்.

"நல்லா குறி பாக்குறா" என்றார் வலையக்கா, துடைத்துக்கொண்டே.

ரொட்டிக்காரர் பையிலிருந்து தான் சுட்ட பன் ஒன்றை எடுத்தார். கட்டை விரலால் அதில் ஒரு குழி போட்டு, ஜாமையும் தூளையும் அடைத்து, பிய்த்த துண்டால் மூடி, உருட்டி, ஒன்றும் சொல்லாமல் மகளுக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திருட்டுத்தனமாக எடுத்துச் சாப்பிடுவதில் உள்ள ருசி வாலுவுக்குத் தெரியும். ஒரு துணுக்கு மிச்சமில்லை. வலையக்கா இருபத்திரண்டு வருடத்தில் கண்டுபிடிக்காத வித்தை அது.

கிளம்புவதற்கு முன் எல்லாப் பெற்றோரையும் வலையக்கா ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார், மூன்று தடவை. 'நாங்க மலேரியா உள்ள ஊருக்குப் போயிட்டு வந்திருக்கோம். இப்பவே ரத்தம் பாருங்க.' திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் அடித்தால், அன்றைக்கே, எந்த டாக்டராக இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் இதைச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் வெட்கப்பட்டு முனகுவார்கள். "எனக்கே கேக்கல, டாக்டருக்கு எப்பிடிக் கேக்கும்?" என்று மறுபடி சொல்லவைப்பார். ரொட்டிக்காரர் பேச்சுக் குறைந்தவர். அவரையும் சொல்லவைத்தார்.

ரொட்டிப் படம் போட்ட தேதி வந்தது. மறுநாள் கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. வரவேற்பு மேசைப் பெண் தேடிப் பார்த்துவிட்டு, வேறு எண் கொடுக்கவில்லை என்றாள். முகவரியாக இருந்தது ரொட்டிக் கூடத்தின் முகவரி. அங்கே கூப்பிட்டால், "லீவு முடிஞ்சு வந்துட்டாரே, இப்ப அடுப்புல நிக்கிறாரு" என்றார்கள். கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்தார். சொன்னார்களோ இல்லையோ, யாரும் கூப்பிடவில்லை. வந்துவிட்டார், வேலைக்கும் போய்விட்டார், அப்படியானால் நன்றாகத்தான் இருப்பார்கள் என்று வலையக்கா மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் மாதம் முடிந்தும் நாட்காட்டித் தாளைக் கிழிக்காமல் வைத்திருந்தார்.

புது மாதத்தின் முதல் வாரத்தில், காலை பதினோரு மணிக்குத் தொலைபேசி. ரொட்டிக்காரரின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து.

நடந்தது இதுதான். அங்கே ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வலை, களிம்பு, நீளக் கை சட்டை, தினம் ஒரு ஜாம் பன். கடைசி வாரத்தில் ரொட்டிக்காரரின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. திரும்பும்போது ஒரு பெட்டி வந்து சேரவில்லை. மிச்ச மருந்து அந்தப் பெட்டியில். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பெட்டிக்குக் காத்திருந்ததில் ஒரு வாரம் போனது. ஊருக்குத்தான் வந்துவிட்டோமே, குழந்தையும் ஓடி ஆடிக்கொண்டிருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். வந்து பன்னிரண்டாம் நாள் காலையில் வாலு எழுந்திருக்கும்போதே உடம்பு கொதித்தது. மெத்தையை விட்டு இறங்கவில்லை. குதிக்கவில்லை. ரொட்டிக்காரர் வேலைக்குப் போகாமல் அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடினார்.

"குளிர் காலம், எல்லாக் குழந்தைக்கும் காய்ச்சல்தான், மூணு நாள் பாத்துட்டு வாங்க" என்றார் அந்த டாக்டர்.

"இவர் எழுந்திருக்கவே இல்லக்கா" என்றாள் மனைவி தொலைபேசியில். "யார் முன்னாடியும் வாய் தொறக்காத மனுஷன். நாங்க மலேரியா உள்ள ஊருக்குப் போயிட்டு வந்திருக்கோம், இப்பவே ரத்தம் பாருங்கன்னாரு. டாக்டர் ஏதோ சொன்னாரு. மறுபடி அதே மாதிரி சொன்னாரு. வெளிய காத்திருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. மூணாவது தடவை சொன்னப்ப குரல் உடைஞ்சிடுச்சு. ரத்தம் பாக்குற வரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோம்னு நாற்காலியைப் புடிச்சுக்கிட்டாரு. அப்புறம்தான் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணாரு."

வலையக்கா கோட்டைக் கழற்றி மாட்டினார். டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே படியிறங்கிவிட்டார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏங்க, எங்க இருக்கீங்க? சவாரி இருந்தா இறக்கி விட்டுட்டு வாங்க" என்றார். இருபது வருடத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் வலையக்காவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அங்கே அவர் நர்ஸ் இல்லை, பார்க்க வந்தவர். மனைவி உள்ளே குழந்தையோடு இருந்தாள். அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரொட்டிக்காரர். ஒருமுறை அவர், "இவ எந்திரிச்சிடுவாள்ல சிஸ்டர்?" என்றார். வலையக்கா வாயால் எதையும் சத்தியம் செய்கிறவர் இல்லை. "முத நாளே வந்துட்டீங்க தம்பி" என்றார். "முத நாளே வந்துட்டீங்க."

ரத்தத்தில் இருந்தது. மலேரியாதான். ஆனால் இப்போதுதான் தலை காட்டியிருக்கிறது, மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ போகவில்லை என்று அந்த வார்டு டாக்டர் வெளியே வந்து சொன்னார். மூன்று நாள் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை ஆகியிருக்கும் என்றும் சொன்னார். அன்றே மருந்து ஏறியது. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் வாலு பால் கேட்டாள். நான்காம் நாள் வார்டுக் கட்டிலின் மேல் நின்று குதித்ததற்காக அங்குள்ள நர்ஸிடம் திட்டு வாங்கினாள். இந்தச் செய்தி கிடைத்த அன்று வலையக்கா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "களிம்பு பட்டுடுச்சு" என்றார் டாக்டரம்மாவிடம்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் படியேறி வந்தார்கள். ரொட்டிக்காரர் ஒரு காகிதப் பை நிறைய சூடான பன்களை மேசையில் வைத்தார். பக்கத்தில் மிச்சமிருந்த மருந்தையும் வைத்தார். காணாமல் போன பெட்டி வந்து சேர்ந்துவிட்டதாம்.

வலையக்கா அந்த மருந்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பு என்னோடது தம்பி. மருந்தைக் கைப்பையில வைங்கன்னு நான் சொல்லியிருக்கணும். மூணு வாரமா இதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

ரொட்டிக்காரர் நிமிர்ந்தார். "நீங்க சொன்னீங்களே சிஸ்டர்."

"சொன்னேனா?"

"ரெண்டு தடவை சொன்னீங்க. கைப்பையிலதான் வச்சிருந்தேன். விமான நிலையத்துல இவளோட பொம்மை லாரிக்கு இடம் பத்தலன்னு அழுதா. மருந்தை எடுத்துப் பெரிய பெட்டிக்குள்ள போட்டுட்டேன்."

மூன்று பேரும் வாலுவைப் பார்த்தார்கள். அவள் மெஷினுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். முதலில் சிரித்தது மனைவி. பிறகு வலையக்கா சிரித்தார், நாற்காலி கிரீச்சிட, கண்ணில் தண்ணீர் வர. இந்தத் தடவை களிம்பின் மேல் பழி போடவில்லை.

இப்போது ஒரு குழந்தைக்கு இரண்டு தொலைபேசி எண்ணும், ஒரு பக்கத்து வீட்டு எண்ணும் வாங்கிக்கொள்கிறார். பெட்டி தொலைந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே இங்கே வாருங்கள், வேறு மருந்து தருகிறோம் என்பது புதிதாகச் சேர்ந்த பாடம். மருந்து பிடிக்காத குழந்தைகளுக்கு அதைப் பன்னில் அடைத்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவும் கற்றுக்கொண்டுவிட்டார். "இது என் கண்டுபிடிப்பு இல்லீங்க, ஒரு ரொட்டிக்காரர் சொல்லிக் குடுத்தது" என்று மறக்காமல் சொல்வார். அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை நீங்களும் வாங்க என்று ரொட்டிக்காரரின் மனைவி பார்க்கும் போதெல்லாம் கூப்பிடுகிறாள். "எனக்கு இந்த மாடிப்படி ஏறுறதே வெளிநாடு போற மாதிரிதான்" என்று வலையக்கா தட்டிக்கழிக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் வழக்கமான பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் எல்லாம் குளிருக்குச் சாத்தியிருந்தன. வருடத்தின் இந்த மாதத்தில் இந்த ஊரில் ஒரு கொசு கூட உயிரோடு இருக்காது. அது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் அந்தப் பேருந்தில் இல்லை. முன் இருக்கையில் முகம் தெரியாத ஓர் இளைஞர், தோளில் ஒரு குழந்தை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கால் ஒன்று பின்பக்கமாகத் தொங்கியது. கால்சட்டை மேலே ஏறி, கணுக்காலும் கெண்டைக்காலும் வெளியே தெரிந்தன.

வலையக்கா ஒரு நிறுத்தம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இரண்டு விரலால் அந்தக் கால்சட்டையின் ஓரத்தைப் பிடித்து, குழந்தை விழித்துவிடாதபடி, கணுக்கால் மூடும்வரை மெல்ல இழுத்துவிட்டார். இளைஞர் திரும்பிப் பார்த்தபோது, கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.